கட்டிடம் முதலா, சபை முதலா? மல்லாவியை நினைத்து ஒரு பாடம்



இந்த இதழின் பாடப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணத்து ஆலயத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிப்போம். மெதடிஸ்த சபையின் ஆலயம்தான் பேச்சு. ஆனால் மாரியம்மன் கோயிலைக் கும்பிடுகிறவர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சொல்லப் போகிற கணக்கு எல்லாருக்கும் பொதுவானது.

மாங்குளம் சந்தியில் இருந்து மேற்கே துணுக்காய் பக்கம் போகிற பாதையில் இருக்கிறது மல்லாவி. முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய்ப் பிரிவு. பக்கத்தில் வவுனிக்குளம். அந்தப் பழைய குளத்தைத் திருத்தி, காடு வெட்டி, வயல் பிரித்துக் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் குடியேற்றம் பெருகியது. மல்லாவியும் கடைத்தெருவோடு ஒரு பட்டணமாக வளர்ந்தது.

வன்னி நமக்கு அந்நியமான இடம் அல்ல. 1958இல் அடி விழுந்தது. 1973, 74 பஞ்சத்தில் லயத்தில் அடுப்பு எரியவில்லை. 1977இலும் 1983இலும் மறுபடியும் அடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள் பல்லாயிரம் பேர். "எங்க சித்தப்பா குடும்பம் வன்னியிலதான் இருக்கு" என்று சொல்கிற வீடு நம்ம தோட்டங்களில் இன்றும் உண்டு.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு சபையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதலிலேயே ஒரு சிக்கல் வரும். எதை எழுதுவது? அத்திவாரக் கல்லையும் ஓட்டையும் சுவரையும் எழுதினால், போரில் சுவர் விழுந்த வருடத்தோடு கதை முடிந்துபோகும். ஆனால் சனம் முடிந்துபோகவில்லையே? அப்படியானால் சபை எங்கே இருந்தது? இதற்குப் பதில் தேட, மெதடிஸ்த சபை தொடங்கிய இடத்துக்கே ஒருமுறை போய்வர வேண்டும்.

ஒரு கட்டிடக் கடன் செய்த வேலை

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஜோன் வெஸ்லி (1703–1791). இங்கிலாந்துச் சபையின் குருவானவர். ஒக்ஸ்போர்ட்டில் இருந்த காலத்தில் அவரும் அவருடைய நண்பர்களும் செபம், படிப்பு, சிறைச்சாலைச் சந்திப்பு எல்லாவற்றையும் ஒரு முறைப்படி, நேரப்படி செய்தார்கள். அதைப் பார்த்து மற்ற மாணவர்கள் 'மெதடிஸ்ட்' என்று கேலி பண்ணினார்கள். முறைக்காரர்கள் என்று பொருள். அந்தக் கேலிப் பெயரே சபையின் பெயராக நிலைத்துவிட்டது.

1739இல் வெஸ்லி பிரிஸ்டல் நகரத்துக்குப் போனார். அங்கே கோயில் வாசலையே மிதிக்காத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களைத் தேடி வெளியே போய், திறந்த வெளியில் நின்று பிரசங்கம் பண்ணினார். கேட்க வந்த சனம் பெருகியது. கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அதே ஆண்டில் ஒரு கட்டிடத்தைத் தொடங்கினார்கள். 'புதிய அறை' என்று அதற்குப் பெயர். உலகத்திலேயே முதல் மெதடிஸ்தக் கட்டிடம் அதுதான். இன்றைக்கும் பிரிஸ்டலில் நிற்கிறது. அங்கே பிரசங்கம் மட்டும் நடக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள்.

கட்டியாயிற்று, ஆனால் கடன் நிற்கிறது. கட்டிடம் கட்டின எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 1742ஆம் ஆண்டு பெப்ரவரியில் கடனை எப்படித் தீர்ப்பது என்று பேசக் கூடினார்கள். ஃபோய் என்கிற ஒரு கப்டன் எழுந்து, கடன் தீரும்வரை ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி கொடுப்போம் என்றார். அதுவும் கொடுக்க வசதியில்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஃபோய் ஒரு வழி சொன்னார். மிகவும் ஏழைப்பட்ட பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார். கிழமைக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போவதாகவும், கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கிக்கொள்வதாகவும், முடியாதவர்களுக்குத் தானே போடுவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அதே மாதிரிப் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டுக்குள் நடக்கிறதையும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் நோய். ஒரு வீட்டில் குடி. இன்னொரு வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை. பார்த்ததை வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். தான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்த முறை இதுதான் என்று அவருக்கு விளங்கியது. அப்படித்தான் 'வகுப்பு' என்கிற அமைப்புப் பிறந்தது. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், கிழமைக்கு ஒரு சந்திப்பு. கடன் அடைக்கப் போட்ட திட்டம் ஒருவரை ஒருவர் விசாரித்துப் பார்க்கிற முறையாக மாறியது.

நம்ம தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா சேர்க்கிறவர் லயத்துக்கு லயம் போகிறார் அல்லவா? ஐம்பதோ நூறோ வாங்குவதோடு, யார் வேலைக்குப் போகவில்லை, யார் வீட்டில் கிழவி படுக்கையில் கிடக்கிறாள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தானே? அந்த வேலைதான் இது.

பிரசங்க மண்டபங்கள் பெருகப் பெருக, அவை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி வந்தது. இதற்காக 1763இல் ஒரு மாதிரி உறுதி எழுதினார்கள். கட்டிடம் குருவானவருக்கும் சொந்தமல்ல, பணம் கொடுத்த பெரிய மனிதருக்கும் சொந்தமல்ல. நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் சிலர் சபைக்காக அதை வைத்திருப்பார்கள். அதாவது வகுப்பு இடாப்பும் உறுதிப் பத்திரமும் ஆரம்பத்தில் இருந்தே சபையின் இரண்டு தூண்களாக இருந்தன. சுவர் அதற்குப் பிறகு.

கட்டிடம் இல்லாமல் வந்தவர்கள்

இந்தச் சபை இலங்கைக்கு எப்படி வந்தது? தோமஸ் கோக் என்கிற மூத்த குருவானவர், அறுபத்தைந்து வயது கடந்த நிலையில், இளம் ஊழியர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு 1813 கடைசியில் கப்பல் ஏறினார். பயணச் செலவுக்குத் தன் சொந்தப் பணத்தையும் தர முன்வந்தவர் அவர். ஆனால் இலங்கையைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1814 மே 3ஆம் திகதி காலையில் கப்பல் அறையில் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் பண்ணினார்கள். வில்லியம் ஓல்ட் என்கிற ஊழியரின் மனைவியும் அந்தப் பயணத்தில் இறந்துபோனார்.

தலைவர் இல்லாமல் வந்தவர்கள் பம்பாயில் இறங்கி, பிறகு கப்பல் மாறி, 1814 ஜூன் 29ஆம் திகதி காலி துறைமுகத்தில் இறங்கினார்கள். உடனே ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தோமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு. ஜோர்ஜ் எர்ஸ்கின் மாத்தறைக்கு. பென்ஜமின் கிளவ் காலியிலேயே நின்றார். வில்லியம் ஹாவர்ட் சிறிது காலம் பிந்தி வந்து கொழும்பில் சேர்ந்தார்.

மட்டக்களப்புக்குப் போன ஓல்டின் கதையை நாம் மறக்கக் கூடாது. போகும்போதே மனைவியை இழந்தவர். அங்கே அவருக்குக் கோயில் இல்லை, பணம் குறைவு, பாஷையும் புதிது. எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயில் இறந்தார். அவர் கட்டி விட்டுப்போன பெரிய ஆலயம் ஒன்றும் இல்லை. ஆனால் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத்தான் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது. மட்டக்களப்பு நகரத்தில் ஓல்டுக்குச் சிலையும் இருக்கிறது.

கொழும்பு புறக்கோட்டையில் ஹாவர்ட் காலத்தில் கட்டிய ஆலயம் 1816 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய மெதடிஸ்த ஆலயம் என்று அதைச் சொல்லுவார்கள். இருநூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது. அதையும் நாம் மதிக்க வேண்டியதுதான். நல்ல கட்டிடம் ஒரு சபைக்குப் பெரிய பலம். ஆனால் எட்டே மாதம் இருந்து, கட்டிடம் ஒன்றும் விட்டுப்போகாத ஓல்டின் வேலையும் புறக்கோட்டை ஆலயத்தைப் போலவே இருநூறு ஆண்டு தாண்டி நிற்கிறதே!

பள்ளிக்கூடமே கோயில்

வடக்கிலும் கிழக்கிலும் மெதடிஸ்த வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் என்கிற மெதடிஸ்தக் குருவானவர் வேதாகமத்தைத் தமிழில் திருத்தமாக மொழிபெயர்த்தபோது, அதற்குத் துணை நின்றவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். பிறகு நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகத் தாமே பாடசாலை தொடங்கினார். மிஷனிடம் கண்ட முறையைத் தம் சமயத்துக்காகப் பயன்படுத்தினார். இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் பெருகியதால் நன்மை அடைந்தது பிள்ளைகள்தான்.

கிராமங்களில் ஒரே கட்டிடம் கிழமை நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம். வாங்கைத் திருப்பிப் போட்டால் வகுப்பறை கோயிலாகிவிடும். மெதடிஸ்த ஆராதனைக்கு அது தோதாகவும் இருந்தது. பிரசங்கமும் பாட்டும் அதில் பிரதானம். வெஸ்லியின் தம்பி சார்ள்ஸ் வெஸ்லி ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகள் எழுதியவர். பிரசங்க பீடம் ஒன்று, திருவிருந்துக்கு ஒரு மேசை, முழந்தாளிட ஒரு கிராதி, உட்கார வாங்கு. இவ்வளவு இருந்தால் போதும். ஆகவேதான் சின்னப் பட்டணத்து மெதடிஸ்த ஆலயங்கள் பெரும்பாலும் எளிமையாக, ஒரே மண்டபமாக இருக்கும்.

நம்ம மலைநாட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1854இல் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் தோட்டத்துத் தமிழருக்காக ஒரு மிஷன் தொடங்கினார்கள். 'தமிழ்க் கூலி மிஷன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலம் நம்மை எப்படிப் பார்த்தது என்று அந்தப் பெயரே சொல்லும். ஆனாலும் உபதேசியார்கள் லயத்துக்கு வந்து, காம்பராவில் வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1960ஆம், 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. ஞாயிற்றுக்கிழமை கூடுகிற மண்டபமே கையை விட்டுப்போன இடங்களில் சபைகள் தனியே கட்டிடம் தேட வேண்டி வந்தது. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை இங்கிலாந்துத் தலைமையில் இருந்து பிரிந்து, தன் காலில் நிற்கிற சபையானது. அதற்குப் பிறகு கூரை ஒழுகினால் சீமையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சேகரத்திலே உள்ள சனந்தான் யோசிக்க வேண்டும்.

வன்னியில் சுவர் விழுந்த போது

இனி மறுபடி மல்லாவிக்கு வருவோம்.

புதுக் குடியேற்றத்தில் வழிபாடு எப்படித் தொடங்கும்? நமக்குத் தெரிந்ததுதான். முதலில் ஒரு வீட்டு விறாந்தை. பிறகு கிடுகு வேய்ந்த கொட்டில். பிறகு அரைச் சுவரும் தகரமும். கையில் காசு வந்தால் ஓடு. ஒவ்வொரு படிக்கும் சில வருடம் போகும். ஒவ்வொரு படியிலும் யாரோ நெல்லு விற்ற காசும், யாரோ மண் சுமந்த உழைப்பும் இருக்கும்.

1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தது. அவர்களில் ஏராளமானோர் வன்னிக்குள் வந்தார்கள். 1996இல் கிளிநொச்சியும் சண்டையில் சிக்கியபோது அந்தப் பட்டணத்துச் சனம் சிதறி மல்லாவி, அக்கராயன் பக்கம் வந்தது. சின்னப் பட்டணமாக இருந்த மல்லாவி திடீரென்று அகதிகளின் தலைநகரம் மாதிரி ஆயிற்று. ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. மர நிழலில் பள்ளிக்கூடம் நடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் எந்தக் கோயிலின் கட்டிடமும் வெறும் கோயிலாக இருக்க முடியாது. கதவு இருந்தால் திறக்க வேண்டும், கூரை இருந்தால் கீழே சனம் படுக்க வேண்டும். பிரிஸ்டலின் புதிய அறை மருந்தும் படிப்பும் கொடுத்தது போலத்தான் இதுவும்.

பிறகு 2008 வந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் மல்லாவி இராணுவத்தின் கையில் விழுந்தது. அதற்கு முன்னமே சனம் கிளம்பிவிட்டது. மேற்கில் இருந்து கிளிநொச்சி, அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. தப்பினவர்கள் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். 2009 கடைசியில் இருந்துதான் துணுக்காய்ப் பக்கம் திரும்பிப் போக விட்டார்கள். திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத வீடுகள், பற்றை மூடிய வளவுகள்.

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். அந்த எட்டு மாதத்திலும் முகாமில் கழிந்த மாதங்களிலும் வன்னிச் சபைகள் எங்கே இருந்தன? தரப்பாளுக்குக் கீழே இருந்தன. யார் யார் நம்மவர், யார் செத்தார், யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தக் குடும்பம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒருவர் மற்றவரை விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்தன. ஃபோய் கப்டன் பதினொரு பேரின் வீட்டைத் தட்டியதும் இதற்குத்தானே? சபை அந்த விசாரிப்பில் பிழைத்தது. பிழைத்த சனம் திரும்பி வந்து, கட்டிடத்தை மறுபடி எழுப்புவதைப் பற்றி யோசித்தது.

நமக்கு இதில் என்ன பாடம்?

மெதடிஸ்த சபை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்ட இரண்டு தூண்களைச் சொன்னோம். பெயர் இடாப்பு ஒன்று, உறுதிப் பத்திரம் ஒன்று. நம்ம சனம் இடிபட்டதும் இந்த இரண்டு கடுதாசியில்தான்.

1948 பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1949 சட்டத்தின்படி விண்ணப்பம் போட்டவர்கள் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததை அத்தாட்சியோடு காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களிடம் கடுதாசி எங்கே இருக்கும்? விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் ஏராளம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிளந்தது. 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இடையில் வன்னிக்குப் போனவர்கள் பிறப்புப் பத்திரத்தை ஓட்டத்தில் தொலைத்தார்கள். பிந்திப் பிறப்புப் பதியப் போகும்போது ஞானஸ்நானப் பத்திரம் ஒரு ஆதாரமாக உதவும். கோயில் இடாப்பில் உபதேசியார் எழுதி வைத்த ஒரு வரி, பிறகு ஒரு மனிதனின் அடையாள அட்டைக்கு வழி திறக்கக் கூடும்.

காணி விசயமும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில், தோட்டத்துச் செப வீடு பெரும்பாலும் தோட்டக் காணியில் நிற்பவை. 1972, 75 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரைமார் எத்தனையோ பேர் மாறினார்கள். "அந்தக் காலத்துத் துரை வாயால சொல்லிக் கொடுத்த இடம்" என்று நாம் சொன்னால், இன்றைய அலுவலகத்தில் அதற்கு என்ன மதிப்பு? எழுத்து ஒன்று வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும், கோயிலோ செப வீடோ எதுவானாலும், அதன் வரலாற்றை இந்த ஆண்டே எழுதி வையுங்கள். பெரிய புத்தகம் வேண்டாம், ஒரு அப்பியாசக் கொப்பி போதும்.

1. எழுபது வயது தாண்டியவர்களை முதலில் விசாரியுங்கள். முதல் கூட்டம் எந்தக் காம்பராவில் நடந்தது, கல்லு யார் சுமந்தது, தகரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். பிடியரிசி சேர்த்தவர்களுக்குத்தான் உண்மைக் கணக்குத் தெரியும்.

2. கட்டிடத்தை அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், எந்தக் கல்லு, எந்தக் கூரை, எந்த வருடம் திருத்தியது. சுவரில் உள்ள கல்வெட்டை எழுத்து விடாமல் பாருங்கள். மணி, விளக்கு, பாத்திரங்களில் பெயர் வெட்டி இருந்தால் அதையும் எழுதுங்கள்.

3. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் ஆகிய இடாப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று தேடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று தோட்டத்தில், ஒன்று வெளியூரில். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

4. காணி பற்றிய கடிதம், வரைபடம், தோட்ட அலுவலகத்தின் அனுமதி எது இருந்தாலும் பிரதி எடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், எழுத்தில் கேட்டு வாங்கப் பாருங்கள். ஒருவர் தனியாகப் போகாமல் பொறுப்பாளர்கள் சேர்ந்து போங்கள்.

5. பிரிந்து போனவர்களின் பெயரையும் எழுதுங்கள். இந்தியாவுக்குப் போனவர், வன்னிக்குப் போனவர், கொழும்புக்கு வேலைக்குப் போனவர். அவர்களும் அந்தக் கோயிலின் சனந்தான். அவர்களில் யாராவது ஒருநாள் தன் பாட்டன் பெயரைத் தேடி வரலாம்.

படித்து முடித்த பிறகு பேச

உங்கள் கோயிலோ செப வீடோ நாளைக்கே இடிந்தால், அதன் சனத்தை மறுபடி கூட்டப் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறதா?

சந்தா வாங்கப் போகிறவர் காசை மட்டும் கேட்கிறாரா, வீட்டையும் விசாரிக்கிறாரா?

உங்கள் தோட்டத்தில் இருந்து வன்னிக்குப் போன குடும்பத்தோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கே பதில் தேடலாம். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். "நம்ம பழைய கோயிலைப் பத்தி எழுதுறோம், உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லுவதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.